அமெரிக்கக் காலனிகள் பிரிட்டனோடு ஏன் மோதின? தேயிலை வரிக்கு முந்தைய 150 வருடக் கதை

காலனி ஆட்சி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இந்தியாவின் அனுபவம்தான். கடல் கடந்து வந்த ஒரு சிறு கூட்டம், ஒரு கோட்டை, ஒரு படை, கலெக்டர், நிலவரி, ஆளப்படும் கோடிக்கணக்கான மக்கள். இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு அமெரிக்கப் புரட்சியைப் பற்றிப் படித்தால் பாதி விஷயம் பிடிபடாது. அங்கே பிரிட்டிஷ் அரசை எதிர்த்து எழுந்தவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனிலிருந்தே போய்க் குடியேறியவர்களின் வாரிசுகள். ஆங்கிலம் பேசியவர்கள், ஆங்கிலச் சட்டத்தின்படி வழக்கு நடத்தியவர்கள், மன்னரின் பிறந்தநாளை ஊரே கூடிக் கொண்டாடியவர்கள். 1763-ல் பிரான்ஸை பிரிட்டன் தோற்கடித்தபோது பாஸ்டன் நகரம் மகிழ்ந்து போனது. அதே பாஸ்டனுக்குப் பக்கத்தில், பன்னிரண்டு வருடம் கழித்து, அதே பிரிட்டிஷ் சிப்பாய்களும் உள்ளூர் விவசாயிகளும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள்.

எப்படி இப்படி ஆனது என்று கேட்டால், வரி போட்டார்கள், கோபத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள் என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். நடந்தது உண்மைதான். ஆனால் அந்த வரி அப்படியொன்றும் பெரிய தொகை இல்லை, பிரிட்டனில் வாழ்ந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு கட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஏன் அவ்வளவு கொந்தளிப்பு? இதைப் புரிந்துகொள்ள அந்தக் காலனிகள் எப்படித் தொடங்கின, தங்களைத் தாங்களே ஆள எப்படிப் பழகின என்பதைப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் புரட்சியின் விதை அங்கேதான் இருக்கிறது, தேயிலையைக் கொட்டிய 1773-ல் இல்லை.

முதல் நிலையான ஆங்கிலக் குடியேற்றம் வர்ஜீனியாவில் உள்ள ஜேம்ஸ்டவுன், 1607. அதை நிறுவியது அரசு இல்லை, லாபம் பார்க்க நினைத்த வர்ஜீனியா கம்பெனி. தங்கம் கிடைக்கும் என்று போனார்கள், கிடைத்தது பட்டினியும் நோயும். 1609-10 குளிர்காலத்தில் அங்கிருந்த சுமார் 500 பேரில் அறுபது பேர் வரைதான் மிஞ்சினார்கள். பிறகு புகையிலை கைகொடுத்தது. புகையிலை பயிரிட ஆள் வேண்டும், ஆள் வர வேண்டுமென்றால் ஆசை காட்ட வேண்டும், அதனால் கம்பெனி வருகிறவர்களுக்கு நிலம் தந்தது, அதோடு உள்ளூர் விவகாரங்களில் பேச ஒரு சபையும் தந்தது. 1619 ஜூலை 30 அன்று ஜேம்ஸ்டவுன் மாதா கோயிலில் 22 பிரதிநிதிகள் கூடினார்கள். அமெரிக்க மண்ணில் ஆங்கிலேயர்கள் தேர்ந்தெடுத்த முதல் சட்டசபை அது. அடுத்த மாதமே, அதே வர்ஜீனியாவின் கரையில், இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்கள் கப்பலிலிருந்து இறக்கி விற்கப்பட்டார்கள். தன்னாட்சியும் அடிமைமுறையும் ஒரே காலனியில் சில வாரங்கள் இடைவெளியில் காலெடுத்து வைத்தன என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையை நேர்மையாகச் சொல்ல முடியாது.

வடக்கே நியூ இங்கிலாந்துப் பகுதியில் கதை வேறு. 1620-ல் மேஃப்ளவர் கப்பலில் 102 பேர் வந்தார்கள், அவர்களில் பலர் இங்கிலாந்துத் திருச்சபையோடு ஒத்துப்போக முடியாமல் பிரிந்தவர்கள். அவர்கள் கையில் இருந்த அனுமதி வர்ஜீனியாவுக்கானது, கரையேறியதோ வெகு வடக்கே. சட்டப்படி அங்கே யார் அதிகாரி என்றே தெரியாத நிலை. அதனால் கரையிறங்கும் முன்பே 41 ஆண்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்: நமக்கான சட்டங்களை நாமே கூடி வகுப்போம், அதற்குக் கட்டுப்படுவோம்.

இதைவிட எனக்குச் சுவாரசியமாகத் தோன்றுவது பத்து வருடம் கழித்து வந்த மாசச்சூசெட்ஸ் பே கம்பெனியின் வேலை. மன்னர் முதலாம் சார்லஸ் 1629-ல் அந்தக் கம்பெனிக்கு ஒரு சாசனம் கொடுத்தார். வழக்கமாக இப்படிப்பட்ட கம்பெனியின் நிர்வாகம் லண்டனில் இருக்கும், குடியேறிகள் அங்கிருந்து வரும் உத்தரவுக்குக் காத்திருப்பார்கள். ஜான் வின்த்ரோப் தலைமையில் கிளம்பியவர்கள் சாசனத்தையே கப்பலில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்! அதன்பின் கம்பெனியின் பங்குதாரர் கூட்டம்தான் காலனியின் சட்டசபை, கம்பெனித் தலைவர்தான் கவர்னர், அந்தத் தலைவரை வருடாவருடம் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். கம்பெனிக் கூட்டத்துக்கு இருந்த ‘ஜெனரல் கோர்ட்’ என்ற பெயர்தான் மாசச்சூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றத்துக்கு இன்றும். கீழ்மட்டத்தில் ஒவ்வொரு ஊரிலும் ஊர்க்கூட்டம். சாலை போடுவது, பள்ளி நடத்துவது, வரி பிரிப்பது எல்லாம் அங்கே பேசி முடிவானது.

ஓட்டு எல்லாருக்கும் இல்லை. நிலமோ சொத்தோ உள்ள வெள்ளை ஆண்கள்தான் வாக்காளர்கள், ஆரம்பகால மாசச்சூசெட்ஸில் திருச்சபை உறுப்பினராகவும் இருக்க வேண்டும். இவர்கள் குடியேறிய நிலமும் காலி நிலம் இல்லை. பவ்ஹாட்டன், வம்பனோக் போன்ற மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நிலம். ஐரோப்பியர்கள் கொண்டுவந்த நோயில் கடலோர ஊர்கள் மேஃப்ளவர் வருமுன்பே காலியாகிக் கிடந்தன. 1675-76-ல் வம்பனோக் தலைவர் மெட்டகாம் நடத்திய போர், நியூ இங்கிலாந்தில் பூர்வகுடிகளின் எதிர்ப்பை ஏறத்தாழ முறித்துப்போட்டது. குடியேற்றம் விரிய விரிய மோதலும் மேற்கே நகர்ந்துகொண்டே போனது.

1732-ல் ஜார்ஜியாவுக்குச் சாசனம் கிடைத்தபோது கணக்கு பதின்மூன்று ஆனது. சில நேரடியாக மன்னருடையவை, சில பென்சில்வேனியாவின் பென் குடும்பம் போன்ற தனியார் உரிமையாளர்களுடையவை, ரோட் ஐலண்டும் கனெக்டிகட்டும் கிட்டத்தட்ட தன்னிச்சையாக நடந்தவை. அமைப்பு மட்டும் எங்கும் ஒரே மாதிரி: ஒரு கவர்னர், ஓர் ஆலோசனை சபை, மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு சட்டசபை. பெரும்பாலான காலனிகளில் கவர்னரை நியமிப்பது லண்டன். அவருக்குச் சம்பளம் கொடுப்பது? சட்டசபை.

இந்த ஒரு விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் நடப்பதெல்லாம் தானாகப் புரியும். கவர்னரிடம் மன்னரின் ஆணை இருக்கிறது, சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் இருக்கிறது, சபையைக் கலைக்கும் அதிகாரமும் இருக்கிறது. ஆனால் பணப்பெட்டியின் சாவி சபையிடம். தனக்குப் பிடிக்காததைச் செய்யும் கவர்னருக்குச் சம்பளத்தை இழுத்தடிக்கலாம், குறைக்கலாம். 1728-ல் மாசச்சூசெட்ஸுக்கு வந்த வில்லியம் பர்னெட், கவர்னருக்கு நிரந்தரச் சம்பளம் நிர்ணயிக்க வேண்டும் என்ற லண்டன் உத்தரவோடு வந்தார். சபை பணம் தரத் தயாராக இருந்தது, நிரந்தரமாக நிர்ணயிக்க மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அவ்வப்போது நாங்கள் பார்த்துத் தருகிறோம் என்றது. மாதக்கணக்கில் சண்டை நடந்தது, 1729-ல் பர்னெட் இறந்தேபோனார், சபை அசையவில்லை. இப்படித் தலைமுறை தலைமுறையாக ஒவ்வொரு காலனியிலும் சட்டசபைகள் பிடி இறுக்கிக்கொண்டே வந்தன. தங்கள் சபை ஒரு குட்டிப் பார்லிமென்ட் என்றே அவர்கள் நம்பினார்கள். லண்டனோ அதை ஏதோ நகராட்சி மாதிரி, தான் தந்த சலுகை மாதிரி பார்த்தது. யார் பார்வை சரி என்று எங்கும் எழுதி வைக்கவில்லை, வெகுகாலம் யாரும் கேட்கவும் இல்லை.

ஏன் கேட்கவில்லை? கப்பலில் ஒரு கடிதம் போய்ச்சேரவே ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும், காற்று சரியில்லாவிட்டால் இன்னும் கூடும். 1640-களில் இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் மூழ்கிக் கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, லண்டனுக்கு வேண்டியது வியாபாரம். புகையிலை, சர்க்கரை போன்றவற்றை இங்கிலாந்துக்கும் அதன் ஆட்சிப் பகுதிகளுக்கும் மட்டுமே அனுப்ப வேண்டும், ஆங்கிலேயக் கப்பலில்தான் ஏற்ற வேண்டும் என்று 1651 முதல் கப்பல் சட்டங்கள் போட்டார்கள். அதுவும் அரைகுறையாகத்தான் அமலானது. பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து வரும் கரும்புப் பாகுக்கு 1733-ல் கேலனுக்கு 6 பென்ஸ் வரி விதித்தார்கள், நியூ இங்கிலாந்து வியாபாரிகள் சுங்க அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்துக் கடத்தி வந்து ரம் காய்ச்சினார்கள். வியாபாரம் பெருகியதால் லண்டனும் கண்டுகொள்ளாமல் இருந்தது.

நடுவில் ஒரே ஒருமுறை லண்டன் இறுக்கிப் பார்த்தது. மாசச்சூசெட்ஸின் பழைய சாசனம் 1684-ல் ரத்தானது, பிறகு இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் நியூ இங்கிலாந்துக் காலனிகளை ஒன்றாகச் சேர்த்து, சட்டசபைகளைத் தூக்கிவிட்டு, எட்மண்ட் ஆண்ட்ரோஸ் என்பவரை ஆள அனுப்பினார். ஆண்ட்ரோஸ் சபை இல்லாமலே வரி விதித்தார். இப்ஸ்விச் என்ற ஊரில், எங்கள் பிரதிநிதிகள் ஒப்பாத வரியைக் கட்டமாட்டோம் என்று ஊர்க்கூட்டம் முடிவெடுக்க, அதை முன்னின்று நடத்திய ஜான் வைஸ் என்ற பாதிரியார் சிறைக்குப் போனார். 1689-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் விரட்டப்பட்ட செய்தி வந்ததும் பாஸ்டன்காரர்கள் ஆண்ட்ரோஸைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். 1765-ல் வரப்போகும் முத்திரைத்தாள் சட்டத்துக்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே அதே வாதம், அதே கோபம்!

சரி, 1763-க்குப் பிறகு என்ன மாறியது? பணம். பிரிட்டனும் பிரான்ஸும் உலகம் முழுக்க மோதிக்கொண்ட ஏழாண்டுப் போர் அப்போதுதான் முடிந்தது. 1760-ல் வந்தவாசியில் அயர் கூட் பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தது, 1761-ல் புதுச்சேரி வீழ்ந்தது, கனடா பிரிட்டன் கைக்கு வந்தது எல்லாம் அந்த ஒரே போரின் பகுதிகள். ஜெயித்த பிரிட்டனுக்குக் கடன் சுமார் 7.5 கோடி பவுண்டிலிருந்து 13 கோடிக்கு மேல் ஏறியிருந்தது. அமெரிக்காவில் சுமார் 10,000 சிப்பாய்களை நிரந்தரமாக வைக்கத் திட்டமிட்டார்கள். பூர்வகுடிகளோடு இன்னொரு போர் வந்தால் தாங்காது என்று, அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே குடியேறத் தடை விதித்து 1763 அக்டோபரில் மன்னர் அறிவிப்பு வந்தது. அந்த மேற்கு நிலத்துக்காகத்தான் போரிட்டோம் என்று நினைத்த குடியேறிகளுக்கும், அங்கே நிலம் வாங்கி விற்கக் காத்திருந்த ஜார்ஜ் வாஷிங்டன் போன்ற பெரிய புள்ளிகளுக்கும் அது முதல் அடி. இன்னொன்றும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டதால் பிரிட்டிஷ் படையின் பாதுகாப்பு முன்னைப் போலத் தேவைப்படவில்லை. படை தேவையில்லாத நேரத்தில் படைச் செலவுக்குப் பணம் கேட்டு வந்தார்கள்.

பிரதமர் கிரென்வில் முதலில் கரும்புப் பாகு வரியை 3 பென்ஸாகக் குறைத்தார், ஆனால் ஒழுங்காக வசூலிக்கச் சொன்னார். 1765 மார்ச்சில் வந்தது முத்திரைத்தாள் சட்டம். நமக்கு இது எளிதாகப் புரியும்: பத்திரம், உயில், உரிமம், வழக்கு மனு, செய்தித்தாள், பஞ்சாங்கம், சீட்டுக்கட்டு கூட முத்திரை குத்திய தாளில்தான் இருக்க வேண்டும், அதற்குக் காசு. பிரிட்டனில் இந்த வரி 1694-லேயே வந்துவிட்டது என்பதால் லண்டனில் யாருக்கும் இது பெரிதாகப் படவில்லை. ஆனால் அதில் அடிபட்டவர்கள் வக்கீல்கள், அச்சகத்தார், மதுக்கடைக்காரர்கள், அதாவது ஊரில் அதிகம் பேசுகிறவர்கள், எழுதுகிறவர்கள், பேச இடம் தருகிறவர்கள். பாஸ்டனில் முத்திரைத்தாள் முகவர் ஆண்ட்ரூ ஆலிவரின் உருவபொம்மையை மரத்தில் தொங்கவிட்டார்கள், அவர் பதவி விலகினார். நவம்பரில் சட்டம் அமலாக வேண்டிய நாளுக்குள் பெரும்பாலான முகவர்கள் விலகிவிட்டார்கள்.

இங்கே லண்டன் பக்க வாதத்தையும் கேட்க வேண்டும், அதை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. மான்செஸ்டர், பர்மிங்காம் போன்ற ஊர்களுக்கும் பார்லிமென்டில் உறுப்பினர் இல்லை, அவர்களும் வரி கட்டுகிறார்கள். ஓர் உறுப்பினர் தன் தொகுதிக்கு மட்டுமில்லாமல் பேரரசில் உள்ள எல்லாருக்கும்தான் பிரதிநிதி என்றார்கள். காலனிகளின் பதில் எனக்கு அதைவிட வலுவாகப் படுகிறது. மான்செஸ்டர்காரருக்கு வரி போடும் உறுப்பினர் அதே வரியைத் தானும் கட்டுகிறார், அதனால் அளவோடு போடுவார். பாஸ்டன்காரருக்கு வரி போடுகிறவர் ஒரு பென்னியும் கட்டப்போவதில்லை, அங்கே எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு அவருடைய சுமை குறையும். அப்படியென்றால் பார்லிமென்டில் இடம் கேட்டார்களா? அதுவும் இல்லை, இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 1765 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய ஒன்பது காலனிகளின் பிரதிநிதிகள், இவ்வளவு தூரத்திலிருந்து எங்களுக்கு அங்கே பிரதிநிதித்துவம் சாத்தியமே இல்லை என்று சொன்னார்கள். எங்கள் மீது வரி போட எங்கள் சட்டசபைகளுக்கு மட்டுமே உரிமை என்பதுதான் கோரிக்கை.

அடுத்த வருடம் சட்டம் ரத்தானது. ஆனால் அதே கையோடு, காலனிகள் மீது எந்த விஷயத்திலும் சட்டம் போட எங்களுக்கு முழு அதிகாரம் உண்டு என்றும் பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டு வைத்தது. யாரும் கேட்காமல் இருந்த பழைய கேள்வி இப்போது சட்டப் புத்தகத்திலேயே ஏறிவிட்டது.

1767-ல் பிரிட்டனின் நிதியமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்ட் கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை ஆகியவற்றின் இறக்குமதிக்கு வரி போட்டார். அந்தப் பணம் எதற்கு என்று பாருங்கள்: கவர்னர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் கொடுக்க. பர்னெட் காலத்திலிருந்து சபைகள் கட்டிக்காத்த ஒரே ஆயுதத்தை இது பிடுங்குகிறது. கவர்னரின் சம்பளம் சுங்க வரியிலிருந்து வந்துவிட்டால் அவர் எதற்குச் சபையைக் கூட்ட வேண்டும், எதற்குப் பேச்சுக் கேட்க வேண்டும்? பிரிட்டிஷ் சாமான்களைப் புறக்கணிக்கும் இயக்கம் பரவியது, பெண்கள் கூடி நூல் நூற்றார்கள். 1768-ல் பாஸ்டனுக்குள் படை இறங்கியது. 1770 மார்ச் 5 அன்று கூட்டத்தை நோக்கிச் சிப்பாய்கள் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். பிறகு மற்ற வரிகளை நீக்கிவிட்டு, உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று காட்டத் தேயிலை வரியை மட்டும் வைத்துக்கொண்டார்கள், ராத்தலுக்கு 3 பென்ஸ்.

அந்தத் தேயிலை சீனாவில் விளைந்தது, விற்றது கிழக்கிந்தியக் கம்பெனி. வங்காளத்தைச் சுரண்டி, 1770 பஞ்சத்தில் மக்கள் லட்சக்கணக்கில் மடிந்த பின் வருமானம் சரிந்து, கடனில் தத்தளித்த கம்பெனியின் கிடங்குகளில் தேயிலை மலைபோல் கிடந்தது. அதைக் காப்பாற்ற 1773-ல் வந்த தேயிலைச் சட்டம், காலனிகளில் தேயிலை விலையைக் குறைக்கவே செய்தது. மலிவாகக் கிடைத்தால் வாங்குவார்கள், வாங்கினால் வரியை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதுதான் எதிர்ப்பாளர்களின் பயம், கடத்தல் தேயிலை விற்றவர்களுக்கு வயிற்றில் அடி வேறு. நியூயார்க், பிலடெல்பியாவுக்கு வந்த கப்பல்கள் திருப்பி அனுப்பப்பட்டன. பாஸ்டனில் கவர்னர் ஹட்சின்சன் கப்பல்களைத் திரும்பவிட மறுத்தார். அவருடைய இரண்டு மகன்கள் அந்தத் தேயிலைக்கு முகவர்கள், அவருடைய சம்பளமும் அப்போது சபையிடமிருந்து இல்லாமல் சுங்க வருமானத்திலிருந்து வந்தது. டிசம்பர் 16 இரவு 342 பெட்டிகள் துறைமுகத் தண்ணீரில் போயின.

லண்டன் 1774-ல் கொடுத்த தண்டனையில் துறைமுகத்தை மூடியது எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, மாசச்சூசெட்ஸின் சாசனத்தையே திருத்தியது. ஆலோசனை சபையை இனி மன்னர் நியமிப்பார், கவர்னர் அனுமதி இல்லாமல் ஊர்க்கூட்டம் வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் கூடக்கூடாது. தேயிலையைப் பற்றிக் கவலைப்படாத உள்நாட்டு விவசாயிகள் இதற்குக் கொதித்தார்கள். 1774 செப்டம்பரில் வூஸ்டர் என்ற ஊரில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டு, மன்னரின் நீதிமன்ற அதிகாரிகளைத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தங்கள் வரிசைகளுக்கு நடுவே நடக்கவைத்துப் பதவியைத் துறக்கச் செய்தார்கள். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. பாஸ்டனுக்கு வெளியே பிரிட்டிஷ் ஆட்சி அந்த இலையுதிர்காலத்திலேயே முடிந்துவிட்டது. அதே மாதம் பிலடெல்பியாவில் பன்னிரண்டு காலனிகள் கூடின, ஜார்ஜியா மட்டும் வரவில்லை. 1775 ஏப்ரல் 19-ல் லெக்ஸிங்டனிலும் கான்கார்டிலும் நடந்த சண்டை இதற்கெல்லாம் பிறகுதான்.

அப்போதும்கூட ஜூலையில் மன்னருக்குச் சமாதான மனு அனுப்பினார்கள். மூன்றாம் ஜார்ஜ் அதை வாங்கவே மறுத்து, ஆகஸ்டில் காலனிகள் கலகம் செய்வதாக அறிவித்தார். 1776 சுதந்திரப் பிரகடனத்தில் குற்றச்சாட்டு முழுக்க மன்னர் மீதே இருப்பது ஏன் என்று இப்போது தெரியும்: பார்லிமென்டுக்குத் தங்கள் மீது அதிகாரம் உண்டு என்றே அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, அறுக்க மிச்சமிருந்த ஒரே கயிறு மன்னர்தான்.

சட்டசபை இருந்த எல்லாக் காலனிகளும் சேர்ந்துவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். ஜமைக்காவிலும் பார்படோஸிலும் பலமான சபைகள் இருந்தன, அவையும் லண்டனோடு உரசிக்கொண்டிருந்தன. ஆனால் அங்கே அடிமைகள் மக்கள்தொகையில் மிகப் பெரும்பான்மை, முதலாளிகள் தூங்கவே பிரிட்டிஷ் படை வேண்டும், சர்க்கரைக்குப் பிரிட்டிஷ் சந்தை வேண்டும். அவர்கள் பிரியவில்லை. பதின்மூன்று காலனிகளின் 25 லட்சம் மக்களிலும் ஐந்தில் ஒருவர் அடிமை. 1775 நவம்பரில் வர்ஜீனியா கவர்னர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் தன் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தபோது, நூற்றுக்கணக்கானோர் உயிரைப் பணயம் வைத்து அவரிடம் ஓடினார்கள். அவர்களுக்குச் சுதந்திரம் இருந்த திசை அது.

1778-ல் பார்லிமென்ட் இறங்கி வந்தது. வருமானத்துக்காகக் காலனிகள் மீது இனி வரி போடமாட்டோம் என்று சட்டம் இயற்றியது, தேயிலை வரியையும் மாசச்சூசெட்ஸ் சாசனத்தைத் திருத்திய சட்டத்தையும் நீக்கியது, சுதந்திரம் தவிர மற்றதைப் பேசித் தீர்க்க ஒரு தூதுக்குழுவையும் அனுப்பியது. குழு கரையிறங்கியபோது அமெரிக்கர்கள் பிரான்ஸோடு கூட்டணி ஒப்பந்தம் போட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது.